ஜெர்மனிக்குக் குடிவருகிறவர்கள் கையில் எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும், அது எங்கெங்கே போகும்

"ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது அண்ணா, மாதம் எவ்வளவு செலவாகும்?" என்று ஊரிலிருந்து யாராவது ஒருவர் அடிக்கடி அழைத்துக் கேட்கிறார்கள். நான் டோர்ட்முண்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பதில் சொல்வதற்கு முன்னால் நான் வேறொன்றைக் கேட்பேன்: முதல் சம்பளம் கைக்கு வரும்வரை தாங்குவதற்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? மாதச் செலவு இங்கே சமாளிக்கக்கூடியதுதான். ஆளைத் திணறடிப்பது முதல் மூன்று மாதமும், அதற்கப்புறம் வருடத்துக்கு ஒருமுறை தபாலில் வந்து விழும் கணக்குக் கடிதங்களும்தான். இரண்டிலும் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் பணம் எந்த வரிசையில் கையை விட்டுப் போகுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் சம்பளம். ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் தொகை புரூட்டோ, அதாவது பிடித்தம் செய்வதற்கு முந்தையது. கைக்கு வருவது நெட்டோ. வருடத்துக்கு 50,000 யூரோ சம்பளம், தனியாள், வரி வகுப்பு (குடும்ப நிலையைப் பொறுத்து வரிப் பிடித்தத்தைத் தீர்மானிக்கும் பிரிவு) ஒன்று என்றால் மாதம் சுமார் 2,700 யூரோ கைக்கு வரும். மீதி வருமான வரி, ஓய்வூதியக் காப்பு, மருத்துவக் காப்பு, வேலையின்மைக் காப்பு, முதியோர் பராமரிப்புக் காப்பு என்று போய்விடும். ஊரில் சம்பளத்தைப் பார்த்து ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று பெருக்கி, "அரை கோடி" என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து ஆடிப்போகிறார்கள். பெருக்குவதானால் நெட்டோவைப் பெருக்குங்கள். இணையத்தில் புரூட்டோ நெட்டோ கணிப்பான்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கல்யாணம் ஆனவர்களுக்கு ஒரு விஷயம். மனைவியோ கணவரோ இன்னும் இந்தியாவில் இருக்கும்வரை உங்களுக்கு வரி வகுப்பு ஒன்றுதான். அவர் இங்கே வந்து முகவரி பதிந்ததும் வகுப்பை மாற்றிக்கொள்ளலாம், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் மூன்று–ஐந்து என்று வைத்துக்கொண்டால் மாதாமாதம் கைக்கு வருவது நன்றாகவே கூடும். மருத்துவக் காப்பு அரசுசார்ந்ததாக இருந்தால் வேலை பார்க்காத துணையும் குழந்தைகளும் கூடுதல் பணம் இல்லாமலேயே அதில் சேர்ந்துகொள்வார்கள். தனியார் காப்பு இளவயதில் மலிவாகத் தெரியும், ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், பிறகு அரசுசார்ந்ததற்குத் திரும்புவதும் சுலபமில்லை. குடும்பம் கூட வரப்போகிறது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று, குழந்தை இருக்கிறது என்பதற்கான பிறப்புச் சான்றிதழை அலுவலகத்தில் கொடுங்கள். 23 வயதைத் தாண்டியும் பிள்ளை இல்லாதவர்களுக்குப் பராமரிப்புக் காப்பில் 0.6 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள், சொல்லாவிட்டால் உங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

இனி வீடு. பெரிய பணம் போவது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

விளம்பரத்தில் இரண்டு தொகை இருக்கும். கால்ட்மீட்டே, சொல்லுக்குச் சொல் குளிர் வாடகை, வெறும் சுவருக்கான பணம். வார்ம்மீட்டே என்பது சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை, மாடிப்படி துடைப்பது எல்லாம் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இதிலும் சேராது. "இரண்டு அறை வீடு" என்று போட்டிருந்தால் நம் ஊர்க் கணக்கில் இரண்டு படுக்கையறை என்று நினைத்துவிட வேண்டாம். கூடம் ஒன்று, படுக்கையறை ஒன்று, அவ்வளவுதான். சமையலறையையும் குளியலறையையும் அவர்கள் அறைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முன்பணத்துக்குக் கவுட்சியோன் என்று பெயர். சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு, முதல் தவணை குடியேறும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த மாத வாடகையோடு. புதிதாக வருகிற பலருக்கு இது தெரியாததால் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, சம்பளம் வரும்வரை நண்பர்களிடம் கை நீட்டுகிறார்கள். தவணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தரகர் கூலியும் அப்படித்தான், 2015 முதல் யார் தரகரை அமர்த்தினாரோ அவர்தான் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் பணம் தரத் தேவையில்லை.

என் முதல் வீட்டுக்குச் சாவி வாங்கிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. சமையலறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சுவரிலிருந்து இரண்டு தண்ணீர்க் குழாய் முனைகள், மூடி போட்ட ஒரு கழிவுக் குழாய், அடுப்புக்கான ஒரு மின்பெட்டி, தரையில் பழைய அலமாரி நின்றிருந்த இடத்தில் ஒரு வெளுத்த சதுரம். தண்ணீர் பிடிக்கத் தொட்டிகூட இல்லை. கூரையைப் பார்த்தால் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கம்பிகள் தொங்குகின்றன. முன்பிருந்தவர் சமையலறை மொத்தத்தையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார், இங்கே அது சாதாரண வழக்கம். முதல் பதினோரு நாள் குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவி, ஒற்றை மின்னடுப்பில் சோறு வடித்தேன். ஆகவே விளம்பரத்தில் ஐன்பௌக்யூஷே, அதாவது பொருத்திய சமையலறை, என்ற சொல்லோ EBK என்ற மூன்றெழுத்துச் சுருக்கமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாத வாடகை 40 யூரோ கூடினாலும் அந்த வீட்டை எடுப்பது முதல் வருடத்தில் உங்களுக்கு லாபம். இல்லாவிட்டால், வெளியேறுகிறவரிடமே பழைய சமையலறையை விலை பேசி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அவருக்கும் கழற்றும் வேலை மிச்சம், பாதிக்குமேல் விலையைக் குறைப்பார்.

மோசடி பற்றி: நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுகிறவர் எவ்வளவு மரியாதையாக எழுதினாலும், கடவுச்சீட்டின் நகலையே அனுப்பினாலும், அவர் ஏமாற்றுக்காரர்தான். எனக்குத் தெரிந்த ஒரு பையன் சென்னையில் இருந்தபடியே 1,400 யூரோ இப்படி இழந்தான். முதல் மாதத்துக்கு நிறுவனம் தரும் தங்குமிடமோ, மரச்சாமான்களோடு கிடைக்கும் தற்காலிக வீடோ எடுத்துக்கொண்டு, இங்கே வந்து நேரில் பார்த்துத்தான் நிரந்தர வீடு பிடிக்க வேண்டும். தற்காலிக வீட்டுக்கு வாடகை அதிகம்தான், டோர்ட்முண்டிலேயே ஆயிரத்துக்கு மேல் கேட்பார்கள், ஆனாலும் வேறு வழியில்லை. அங்கே அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்ய வீட்டுக்காரர் கையெழுத்துத் தருவாரா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்தால்தான் வரி எண் தபாலில் வரும், அந்த எண் இல்லாவிட்டால் முதல் சம்பளத்தில் மிக அதிகமான ஆறாம் வகுப்பு வரியைப் பிடித்துவிடக்கூடும். பிறகு திரும்ப வந்துவிடும், ஆனால் உங்களுக்குப் பணம் தேவைப்படுவது அந்த மாதத்தில் அல்லவா?

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் புரிந்துகொண்டு நிரப்புங்கள். கத்தோலிக்கர், புரோட்டஸ்டன்ட் என்று குறித்தால் மாதாமாதம் தேவாலய வரி பிடிப்பார்கள், வருமான வரியில் 9 சதவீதம், பயர்ன், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8. நம்பிக்கையோடு கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல் இரண்டு வருடம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சரி, இப்போது கூட்டிப் பார்ப்போம். டோர்ட்முண்டு போன்ற ஊரில் இருவருக்கான வீடு, குளிர் வாடகை 600, சூடேற்றும் செலவோடு 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிக வீடு ஒரு மாதத்துக்கு 1,100. முன்பணம் 1,800. நிரந்தர வீட்டின் முதல் வாடகை 800. பழைய சமையலறை 700. கட்டில், மெத்தை, விளக்கு, திரை, வாளி வகையறா 600. சாப்பாடு 300. மாதப் பயணச்சீட்டு 63. வதிவிட அட்டைக்கு 100. மொத்தம் 5,400-ஐத் தாண்டுகிறது. சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும், ஆகவே ஆறாயிரம் யூரோ கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். மியூனிக், ஃபிராங்க்ஃபுர்ட், ஸ்டுட்கார்ட் பக்கம் என்றால் வீடு சம்பந்தப்பட்ட எல்லாத் தொகையையும் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். அதனால்தான் சொல்கிறேன், மியூனிக்கில் 60,000 கிடைக்கிறது, டோர்ட்முண்டிலோ லைப்சிக்கிலோ 54,000 கிடைக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். மாணவர்களுக்கு இந்தக் கணக்கை அரசே போட்டு வைத்திருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து முடக்கக் கணக்கில், அதாவது மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அதிலிருந்து மாதம் 992 எடுக்கலாம். பெருநகரத்தில் அது இழுத்துப் பிடித்தால்தான் போதும், முன்பணத்தையும் முதல் மாதச் செலவையும் தனியாகக் கொண்டுவர வேண்டும்.

செட்டில் ஆன பிறகு இருவர் உள்ள வீட்டுக்கு மாதச் செலவு இவ்வளவு ஆகும்: வாடகை 800, மின்சாரம் 70, இணையம் 40, கைபேசி இரண்டுக்கும் 20, பயணச்சீட்டு இரண்டு 126, மளிகை 400, வானொலிக் கட்டணம் 18.36, பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கானது) சில யூரோ. ஏறக்குறைய 1,500.

இந்த வானொலிக் கட்டணம் என்னவென்று எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் பொது ஒலிபரப்புக்குக் கட்ட வேண்டிய தொகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08 யூரோ என்று கடிதம் வரும். வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று இல்லை, ஆகவே நண்பர்கள் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டால் அபராதம் சேர்ந்து திரும்ப வரும். பொதுவாகவே இங்கே தபால்பெட்டியில் விழும் எந்தக் கடிதத்தையும் அன்றே பிரியுங்கள். மொழி புரியாவிட்டால் கைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள்.

நான் பிரிக்காமல் வைத்த ஒரு கடிதம்தான் எனக்கு அதிக விலை வைத்தது. வார்ம்மீட்டேயில் நாம் மாதாமாதம் சூடேற்றத்துக்குக் கட்டுவது முன்கட்டணம் மட்டுமே. வருட முடிவில் உண்மையான செலவைக் கணக்குப் பார்த்து, மிச்சமிருந்தால் திருப்பித் தருவார்கள், குறைந்தால் கேட்பார்கள். இதற்கு நேபன்கோஸ்டன் கணக்கு என்று பெயர். முதல் குளிர்காலத்தில் நான் ரேடியேட்டரின் குமிழை ஐந்தில் திருப்பி வைத்துவிட்டு, அறை புழுங்கியதும் ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைத்தேன், இரண்டும் இரவு முழுக்க ஒன்றாக ஓடின. அடுத்த வருடம் வந்த கணக்கில் 640 யூரோ கூடுதலாகக் கேட்டிருந்தார்கள், நான் கடிதத்தையே மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன். குமிழில் இருக்கும் எண் வேகம் இல்லை, வெப்பநிலை. மூன்றில் வைத்தால் அறை சுமார் 20 டிகிரிக்கு வந்து அங்கேயே நிற்கும், ஐந்தில் வைப்பதால் சீக்கிரம் சூடாகிவிடாது. காற்றுக்கு ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் வைத்து மூடுங்கள், அந்த நேரம் குமிழைக் குறைத்துவிடுங்கள். சாம்பார் கொதிக்கும்போதும் இட்லி வேகும்போதும் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சுவர் மூலையில் பூஞ்சை பிடிக்கும், அதற்கான செலவை முன்பணத்தில் கழிக்கப் பார்ப்பார்கள். கணக்குத் தப்பாகத் தோன்றினால் எதிர்க்க உங்களுக்குப் பன்னிரண்டு மாதம் உண்டு. கணக்குக் காலம் முடிந்து ஒரு வருடத்துக்குள் வீட்டுக்காரர் அனுப்பாவிட்டால், தன் தவறில்லாமல் தாமதமானது என்று அவர் காட்டினால் ஒழிய, கூடுதல் பணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்தால் இந்தக் கணக்கைச் சரிபார்த்துத் தருவார்கள், வருடச் சந்தா அதிகமில்லை.

மின்சாரத்திலும் இதேபோல் ஒன்று. குடியேறியதும் நீங்கள் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் உள்ளூர் அடிப்படை வழங்குநரிடமிருந்து தானாகவே மின்சாரம் வரும், ஆனால் விலை பெரும்பாலும் கூடுதல். இரண்டு வாரம் முன்னறிவிப்பு கொடுத்து வெளியேறலாம். சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்பீட்டுத் தளத்தில் பார்த்து மாறிவிடுங்கள். குளியலறையில் மின்சாரத்தில் ஓடும் தண்ணீர்ச் சூடேற்றி இருந்தால் மேலே சொன்ன 70 போதாது.

சாப்பாட்டில்தான் புதியவர்கள் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள், அதிலும் ஆசையினால் என்பதைவிடக் கடைகள் தெரியாததால். பால், முட்டை, வெண்ணெய், மாவு, கோதுமை ரொட்டி, வெங்காயம், உருளை எல்லாம் ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ (இது கடையின் பெயர்) போன்ற மலிவுக் கடைகளில். கொத்தமல்லி, புதினா, கத்தரி, வெண்டை, கிலோ கணக்கில் தயிர் துருக்கியர் கடையில். அரிசியும் பருப்பும் மாதம் ஒருமுறை பெரிய மூட்டையாக ஆசியக் கடையிலோ தமிழ்க் கடையிலோ. டோர்ட்முண்டு அடங்கிய ரூர் வட்டாரத்தில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் நாற்பது வருடமாக வேரூன்றியிருக்கிறார்கள், பக்கத்து ஹம் நகரில் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கோபுரம் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்தார்கள். அவர்களுடைய கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், சிவப்பரிசி, உறைந்த தேங்காய்த் துருவல் எல்லாம் கிடைக்கும். நான் போகிற கடையின் அண்ணை ஒருநாள் என் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, "தம்பி, இது பழசு, வெள்ளிக்கிழமை வாங்கோ, புதுசு இறங்கும்" என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதான் போகிறேன், கறிவேப்பிலையையும் அன்றே வாங்கிக் கழுவித் துடைத்து உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன், மூன்று வாரம் தாங்கும்.

குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், குப்பித் தண்ணீர் சுமப்பது வீண். பெரும்பாலான பானக் குப்பிகளுக்கு அடமானத் தொகை உண்டு, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குப்பிக்கும் டின்னுக்கும் 25 சென்ட். கடையிலுள்ள எந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். குப்பியை நசுக்கிவிட்டால் எந்திரம் ஏற்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகளில் அன்று விலை அதிகம், சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி முடித்துவிடுங்கள். வெளியே ஒரு மசால் தோசை பத்து யூரோவுக்குக் குறையாது. ஊரிலிருந்து பிரஷர் குக்கர், இட்லித் தட்டு, மிக்ஸி கொண்டுவாருங்கள், இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். நெய்யும் பால் இனிப்பும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். இங்கே கிடைக்கும் வெண்ணெயை உருக்கினாலே அருமையான நெய் வரும்.

போக்குவரத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇ போன்ற அதிவேக ரயிலில் செல்லாது. ஒரு மாதம் வேண்டாமென்றால் அதற்கு முந்தைய மாதம் 10-ஆம் தேதிக்குள் நிறுத்த வேண்டும். பல நிறுவனங்கள் இதில் ஒரு பங்கு தருகின்றன, மனிதவளத் துறையில் கேளுங்கள். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ.

எந்த ஒப்பந்தமானாலும், கைபேசியோ உடற்பயிற்சிக் கூடமோ, 24 மாதம் என்று போட்டிருந்தால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள். முதல் வருடத்தில் ஊர் மாறலாம், வேலை மாறலாம். முன்கட்டண சிம் மாதம் பத்து யூரோவுக்கு எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. தாமதிக்காமல் எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று, தனிநபர் பொறுப்புக் காப்பீடு, வருடத்துக்கு 50 முதல் 80 யூரோ. சாவி தொலைந்தால் கட்டடம் முழுவதற்கும் பூட்டு மாற்றும் செலவு உங்கள் தலையில் விழக்கூடிய நாடு இது, ஆகவே சாவி இழப்பும் அந்தக் காப்பீட்டில் அடங்குகிறதா என்று பார்த்து எடுங்கள்.

குழந்தையோடு வருகிறவர்கள் கிண்டர்கெல்டுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகைக்கு, உடனே விண்ணப்பியுங்கள். 2026-இல் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 259 யூரோ, தாமதித்தால் பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள். மழலையர் காப்பகக் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், பெர்லினில் இலவசம், வேறு ஊர்களில் வருமானத்தைப் பொறுத்து மாதம் சில நூறு ஆகலாம். இடம் கிடைப்பதுதான் அதைவிடக் கஷ்டம், வீட்டு முகவரி முடிவான அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கி, விமானச் சீட்டு, விசாக் கட்டணம், தற்காலிக வீட்டு ரசீது, வீடு மாறிய செலவு, வேலைக்காக வாங்கிய மேசை வரை எல்லா ரசீதையும் முதல் நாளிலிருந்தே அதில் போட்டு வையுங்கள். வேலைக்காகக் குடிபெயர்ந்த செலவை வரிக் கணக்கில் கழிக்கலாம், விருப்பத்தின் பேரில் தாக்கல் செய்பவர்களுக்கு நான்கு வருடம் அவகாசம் உண்டு. வருட நடுவில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நல்ல தொகை திரும்ப வரும், அந்த வருடம் இந்தியாவில் வாங்கிய சம்பளத்தையும் அதில் காட்ட வேண்டும். எல்ஸ்டர் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகச் செய்யலாம், மொழி பயமாக இருந்தால் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு நிரப்பித் தரும் செயலிகள் 30, 40 யூரோவுக்கு இருக்கின்றன. எனக்கு முதல் வருடம் 910 யூரோ வந்தது. 640 சூடேற்றக் கணக்குக்குப் போனது, மீதியில் அந்தச் சமையலறைக்கு ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி வாங்கிப் பொருத்தினேன்.